ஐஸ் ட்ரேயில் ஒரு புளித்தண்ணீர் பேட்டரி

அக்னி நட்சத்திரம் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ராத்திரி பத்தரைக்கு கரண்ட் போனது. வேலூரில் அந்த நேரத்தில் கரண்ட் போனால் தெருவே பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் தொழில் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ். சொந்த வீட்டிலாவது அது வேலை செய்ய வேண்டாமா?

முழுப்பரீட்சை லீவுக்கு ஆம்பூரிலிருந்து வந்திருந்த அக்கா பிள்ளைகள் இரண்டும் ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருந்தன. சின்னவன் முகிலுக்கு ஐந்து வயது. இருட்டில் அவன் குரல் மட்டும் வந்தது.

"மாமா, கரண்ட்தான் போச்சே. ஃபேன் எப்படி ஓடுது?"

"பேட்டரியில கரண்ட் இருக்குடா."

"உள்ள எப்படி போட்டாங்க?"

எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். மொட்டைமாடியில் தண்ணித் தொட்டி இருக்கிறதல்லவா, மோட்டார் போட்டு ரொப்பி வைக்கிறோம், வேண்டும்போது குழாயைத் திறக்கிறோம், பேட்டரியும் அப்படித்தான் என்றேன். முகில் சமாதானமாகிவிட்டான். அவன் அக்கா யாழினிக்கு எட்டு வயது. அவள் ஆகவில்லை.

"அப்போ கரண்ட் தீர்ந்துட்டா பேட்டரி வெயிட் குறைஞ்சிடுமா மாமா? காலித் தொட்டி மாதிரி?"

பதினாறு வருஷமாக பேட்டரியை மாடிப்படி ஏற்றி இறக்குகிறேன். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்குக் குறையாது. சார்ஜ் சுத்தமாக இறங்கின பேட்டரியைத் தூக்கும்போதும் முதுகு அதே பாட்டைத்தான் பாடும். அது எனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தொட்டி உவமை அன்றைக்கே ஓட்டையாகிவிட்டது.

மறுநாள் காலையில் பெட்டிக்கடையில் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் சின்னக் கட்டை ஒன்று வாங்கினேன். எங்கள் பக்கம் பேட்டரி செல்லுக்குக் கட்டை என்றுதான் பேர். வாங்கும்போது ஆல்கலைன் வேண்டாம், சாதாரணக் கட்டையே போதும் என்று கேட்டு வாங்கினேன். யாழினி அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டாள். மூன்று பேருமாகத் தெருக்கோடி நகை ஆசாரியிடம் போனோம். அவருடைய தராசு மில்லிகிராம் வரை காட்டும். "இன்னாப்பா இது, அடகா?" என்று சிரித்துக்கொண்டே வைத்துப் பார்த்தார். 15.842 கிராம். நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்தக் கட்டையை முகிலின் பொம்மை டார்ச்சில் போட்டு, அணைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு கட்டளையை மட்டும் அவன் மீறவில்லை.

கட்டை தீரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று, நாமே ஒரு பேட்டரி செய்து பார்க்கலாம் என்றேன். எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்தி பல்பு எரிய வைக்கிற படம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வரும். அதைத்தான் நினைத்தேன். நான்கு பழம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்தே, "மே மாசத்துல எலுமிச்சம்பழம் என்ன விலை விக்குது, ஆணி குத்தறானாம் ஆணி" என்றார். ஒரே ஒரு பழம் கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்து உருட்டி உள்ளே சாறு இளக வைத்தேன். ஒரு பக்கம் தகர ஷீட் அடிக்கும் ஜிஐ ஆணி, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு ஆணி. மறுபக்கம், பக்கத்து மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டு வாங்கின செம்புக் கம்பி. மல்டிமீட்டரை வைத்தேன். பூஜ்யம்.

வேறு பக்கம் குத்தினேன். பூஜ்யம். மீட்டர் பேட்டரி போய்விட்டதோ என்று அதைக் கழற்றிப் பார்த்தேன். "மாமா வேலையை விட்டுட்டாரா?" என்று யாழினி தன் ஆயாவிடம், அதாவது என் அம்மாவிடம், கேட்பது காதில் விழுந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: வைண்டிங் கம்பியின்மேல் எனாமல் பூச்சு இருக்கும். சுற்றுக்குச் சுற்று ஒட்டாமல் இருக்கத்தானே அதைப் பூசுகிறார்கள்! பளபளவென்று செம்பு நிறத்தில் இருப்பதால் கண் ஏமாந்துவிடும். உப்புத்தாளால் இரண்டு முனையையும் ரோஸ் நிறம் தெரியும்வரை தேய்த்துவிட்டுக் குத்தினேன். 0.93 வோல்ட். இதைச் செய்து பார்ப்பவர்கள் பழைய வீட்டு வயரை உரித்துக் கம்பி எடுப்பது நல்லது, இந்த வம்பு இருக்காது.

ஒரு பழத்தில் பல்பு எரியாது. சிவப்பு எல்இடி எரியவே சுமார் 1.8 வோல்ட் வேண்டும். அதே பழத்தில் இன்னொரு ஜோடியையும் குத்தினால் இரட்டிப்பாகாதா என்று யாழினி கேட்டாள். ஆகாது. சாறு ஒன்றாக இருக்கும்வரை அது ஒரே செல்தான். அப்போதுதான் அம்மா, புளி கரைத்துக்கொண்டிருந்த கையோடு, "புளிப்புதானே வேணும், இதுல போடு" என்றார். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சையை விடச் சல்லிசு. தனித்தனிப் பாத்திரத்துக்கு ஃபிரிட்ஜில் ஐஸ் ட்ரே இருந்தது.

கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் ஒரு ஸ்பூன் கல்லுப்பு. ட்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு அறைகளில் முக்கால் அளவு ஊற்றினேன். ஒவ்வொரு ஆணியின் தலையிலும் செம்புக் கம்பியைச் சுற்றி, ஆணி ஒரு அறையிலும் கம்பியின் மறுமுனை அடுத்த அறையிலும் முங்குகிற மாதிரி பாலம் போட்டோம். ஒரே அறையில் ஆணியும் செம்பும் தொட்டுக்கொள்ளக் கூடாது. கடைசியில் ஒரு ஓரத்தில் தனியாக ஓர் ஆணி, மறு ஓரத்தில் தனியாக ஒரு செம்பு மிஞ்சும். எல்இடியின் நீளக் காலைச் செம்போடும் குட்டைக் காலை ஆணியோடும் சேர்த்தேன். பகல் வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. போர்வையைத் தூக்கி மூன்று பேர் தலையிலும் போட்டுக்கொண்டேன். சிவப்பாக, பொட்டு மாதிரி, எரிந்தது.

போர்வைக்குள் வேர்த்துக் கொட்டியது. முகில் வெளியே வர மாட்டேன் என்றான்.

வெளியே வந்ததும் அவன் கேட்டது: "புளிக்குள்ள கரண்ட் இருக்கா?" பெரியவர்களும் இங்கேதான் தவறுகிறார்கள். எலுமிச்சையிலிருந்து மின்சாரம், உருளைக்கிழங்கிலிருந்து மின்சாரம் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். புளியிலும் இல்லை, பழத்திலும் இல்லை. ஆணியின்மேல் பூசியிருக்கிற துத்தநாகம்தான் செலவாகிறது. புளித்தண்ணீர் நடுவில் இருக்கிற வழி, அதிலுள்ள ஹைட்ரஜனும் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான். (துத்தநாகம் என்றதும் முகில் காலைத் தூக்கிக்கொண்டு, "பாம்பா?" என்றான்.)

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, படியில் கழற்றிப் போட்ட செருப்புகள் கண்ணில் பட்டன. சாக்பீஸால் தரையில் ஒரு குளம் வரைந்தேன். இந்தக் கரை துத்தநாகக் கரை, அந்தக் கரை செம்புக் கரை. எதிர்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டதில் ஏழு பேர் சேர்ந்தார்கள். நான்கு பேர் துத்தநாகம், இந்தக் கரையில் செருப்பு போட்டுக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே தண்ணீருக்குள், வெறுங்காலோடு. இவர்கள் புளிப்பின் ஆட்கள், அதாவது ஹைட்ரஜன். மிச்சமிருந்த யாழினி, வயர்.

விதி இதுதான். துத்தநாகத்துக்குத் தண்ணீரைக் கண்டால் குதிக்க ஆசை. ஆனால் செருப்போடு குதிக்க முடியாது. இரண்டு செருப்பையும் கரையில் விட்டுவிட்டுத்தான் குதிக்க வேண்டும். அந்தச் செருப்புதான் எலக்ட்ரான். துத்தநாக அணு ஒன்று கரைந்தால் சரியாக இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டுப் போகும், அதனால் ஜோடிக் கணக்கு பொருந்துகிறது. செருப்புக்கு நீச்சல் தெரியாது, தண்ணீருக்குள் வராது. வயர் வழியாகத்தான் அந்தக் கரைக்குப் போக முடியும். அங்கே வெறுங்காலோடு வருகிற ஹைட்ரஜன் ஆளுக்கு ஒற்றைச் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஒற்றைச் செருப்போடு தனியாக நிற்க வெட்கம். அதனால் இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு குமிழியாகி மேலே பறந்துவிடுவார்கள். வயர் நடுவில் ஆயாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர்தான் எல்இடி. செருப்பு கையைத் தாண்டும்போதெல்லாம் அவர் சிரிக்க வேண்டும். சொல்லாமலே சிரித்தார்.

யாழினி செருப்பை எடுத்துப் போகாமல் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தோம். இரண்டு பேர் குதித்ததும் கரையெல்லாம் செருப்பு. மூன்றாவது ஆளுக்கு நிற்க இடமில்லை, ஆட்டம் நின்றுவிட்டது. கடையில் அட்டைக்குள் தொங்குகிற கட்டை இப்படித்தான் காத்திருக்கிறது. உள்ளே கரண்ட் அடைபட்டுக் கிடக்கவில்லை. குதிக்கத் தயாராக நிற்கிற ஆட்கள்தான் இருக்கிறார்கள். வழி விட்டால் அந்த நிமிஷம் கரண்ட் பிறக்கிறது. நான்கு பேரும் குதித்து முடிந்தால் பேட்டரி காலி. குளத்தில் தண்ணீர் அப்படியேதான் இருக்கும்.

ட்ரேயில் குனிந்து பார்த்தால் செம்புக் கம்பியைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழி. "பறக்கிறாங்க, பறக்கிறாங்க" என்று முகில் கத்தினான். யாழினி ஒரு படி மேலே போய், ஆணியின்மேலும் குமிழி வருகிறதே என்றாள். எல்இடியைக் கழற்றிவிட்டும் அது வந்துகொண்டிருந்தது. அதுதான் கசிவு. சில துத்தநாகம் வயருக்குக் காத்திருக்காமல் அங்கேயே குதிக்க, ஹைட்ரஜன் அதே கரையில் ஏறிச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆயா பக்கம் ஒன்றும் வருவதில்லை. தொடாமல் வைத்த கட்டையும் நாளாக ஆக வீணாவதற்கு இந்த மாதிரித் திருட்டு வேலைதான் பெரிய காரணம்.

அன்று சாயங்காலம் முகில் ட்ரேயை இடித்துவிட்டான். அறைக்கு அறை புளித்தண்ணீர் வழிந்து ஒன்றாகி, விளக்கு மங்கிவிட்டது. நான்கு குளமும் ஒரே குளமானால் செருப்பு ஏற வேண்டிய படி போய்விடும் அல்லவா? துணியால் வரப்பைத் துடைத்ததும் பழையபடி வந்தது. எல்இடி இல்லாமல் அளந்தபோது நான்கு அறைக்கும் சேர்த்து 3.7 வோல்ட், எல்இடியை மாட்டியதும் 1.75க்கு இறங்கிவிட்டது. ஓடின கரண்ட் அரை மில்லி ஆம்பியர்தான். எல்இடி நன்றாக எரிய இருபது மில்லி ஆம்பியர் கேட்கும். ஆசை நிறைய, ஆள் குறைவு. அதற்கு மருந்து கரையை அகலப்படுத்துவது. செம்புக் கம்பியை பென்சிலில் பத்துச் சுற்று சுற்றி ஸ்பிரிங் மாதிரி முக்கினோம், ஆணியை அறைக்கு இரண்டாக்கினோம். போர்வை இல்லாமல், கையைக் குவித்தாலே தெரிகிற அளவுக்கு வந்தது.

ஊர்ப் பெருமையை விடுவானேன் என்று இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒன்றிலும் குத்திப் பார்த்தோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின காய். வோல்ட் கிட்டத்தட்ட அதே 0.9 காட்டியது, எல்இடியோ கண்ணைத் திறக்கவில்லை. காயின் சதைக்குள் வழி நெருக்கம். வேகவைத்த உருளைக்கிழங்கு பச்சைக் கிழங்கை விட நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். வெந்ததும் உள்ளே தடுப்புச் சுவர் உடைகிறது. குத்தின கத்தரிக்காயைக் குழம்பில் போடலாமா என்று அம்மா கேட்டார். துத்தநாகம் கரைந்த காயைச் சாப்பிடக் கூடாது, அந்தப் புளித்தண்ணீரையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சாக்கடையில் கொட்டினேன்.

இதையெல்லாம் முதலில் செய்தவர் இத்தாலிக்காரர் வோல்டா. தவளைக் கால் துடிப்பதைப் பார்த்து, மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்று கால்வானி சொன்னார். இல்லை, தொட்ட இரண்டு உலோகத்தில் இருக்கிறது என்று வோல்டா மல்லுக்கட்டினார். அதற்காகத் தவளையே இல்லாமல், வெள்ளி வில்லையும் துத்தநாக வில்லையும் நடுவில் உப்புத்தண்ணீரில் நனைத்த அட்டையுமாக அடுக்கிக் காட்டி, 1800இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். நம் வீட்டில் தவளைக்குப் பதில் புளி, சண்டை அதேதான்.

அடுத்த நாள் ராத்திரியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. காலையில் இன்வெர்ட்டர் பேட்டரியைக் காட்டினேன். பிள்ளைகள் கூடத்து வாசற்படிக்கு இந்தப் பக்கம், நான் கையுறையோடு அந்தப் பக்கம். உள்ளே இருப்பது கந்தக அமிலம், விளையாட்டு இல்லை. ஆறு அறை, அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நம் ஐஸ் ட்ரேயேதான், தகடு மட்டும் ஈயம். ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சித் தூக்கினால் மிதவை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்கலாம். எங்கள் பாஷையில் கிராவிட்டி, அதாவது அமிலத்தின் அடர்த்தி. சார்ஜ் ஏறியபின் 1250 காட்டியது அன்று காலையில் 1190. அமிலத்தின் ஒரு பங்கு தகட்டில் போய் ஒட்டிக்கொள்வதால் மிச்சம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் போட்டால் அது திரும்பித் தண்ணீருக்குள் வரும்.

"குதிச்சவங்களை எப்படித் திரும்பக் கூப்பிடறது?" என்று யாழினி கேட்டாள். இந்தக் குளத்தில் யாரும் தூரமாக நீந்திப் போவதில்லை, கரையோரப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றேன். சார்ஜர் செருப்பை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் எடுத்து மாட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். பல நாள் சார்ஜ் போடாமல் விட்டால் படியிலேயே உறைந்துபோய் எழுந்திருக்க மாட்டார்கள். லீவுக்கு ஊருக்குப் போகிறோம் என்று சார்ஜ் இறங்கின பேட்டரியை அப்படியே ஆஃப் செய்துவிட்டுப் போகிறவர்கள் எனக்கு வருஷா வருஷம் வேலை கொடுப்பது இப்படித்தான். சாதாரணக் கட்டைக்கு இந்த வசதி இல்லை. அதைச் சார்ஜரில் போட்டால் ஊறிக் கசியும், வெடிக்கவும் கூடும்.

ஐந்தாம் நாள் பொம்மை டார்ச் அணைந்தது. கட்டையைத் தூக்கி எறிவதற்குள் அம்மா வாங்கிக்கொண்டார். "வெயில்ல வை. நாங்க ரேடியோக் கட்டைய அப்படித்தான் வெப்போம்." மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம். 1.02 வோல்ட் இருந்தது 1.16 ஆகியிருந்தது, டார்ச் பத்து நிமிஷம் எரிந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பாதி வெயிலின் வேலை, பாதி ஓய்வின் வேலை. கரைக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் விலகி வழி விடுகிறார்கள், சூட்டில் கால் சுறுசுறுப்பாகிறது. புதுச் சக்தி எதுவும் வருவதில்லை. இந்த வைத்தியம் பழைய கட்டையோடு போகட்டும். செல்போன் பேட்டரியையோ ரீசார்ஜ் பேட்டரியையோ வேலூர் வெயிலில் வைத்தால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. இன்னொன்று: பட்டன் செல்லைப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாக்கிவிடும். மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ட்ரேயில் எல்இடி மூன்றாம் நாள் ராத்திரியே அணைந்திருந்தது. ஆணிகளை எடுத்துக் கழுவினேன். முங்காத பாதி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. முங்கின பாதி கறுத்து, தேய்த்தால் இரும்பு தெரிந்தது. ஒன்றில் துருவே பிடித்திருந்தது. யாழினி அந்த ஆணியை மட்டும் பென்சில் பாக்ஸில் போட்டுக்கொண்டாள். ட்ரேயில் இனி ஐஸ் போட முடியாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், புது ட்ரே என் கணக்கு.

அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று, நட்சத்திரம் போட்ட கட்டையை எடுத்துக்கொண்டு ஆசாரி கடைக்குப் போனோம். தட்டில் வைக்கும்போது யாழினி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். 15.839.

"அஞ்சு நாள் வெளக்கு எரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு ஆசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மூணு மில்லிதான் சேதாரம். எனக்கே இது கட்டுபடியாகாது."

"அது ஸ்கெட்ச் மை அழிஞ்சதா இருக்கும்" என்றாள் யாழினி. "யாரும் வெளிய போகல தாத்தா. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க, கரை மாறி நிக்கறாங்க."

ஆசாரி என்னைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.